தலையிழந்த ஊரும் திரும்பிய கைதியும்

‘சம்மதம் சொல்லி மலரைத் தொடர்ந்து தலையிழந்த ஊர் பிரியாணிக்குப் பேர்போனது (4).’ முதல்முறை படிப்பவருக்கு இது ஏதோ பழைய காதல் கதையின் சுருக்கம் போலத் தோன்றும். யாரோ சம்மதித்தார்கள், ஒரு பூவின் பின்னால் போனார்கள், ஊரே தலையை இழந்தது, கடைசியில் பிரியாணி வேறு. வாக்கியம் சொல்வது அதைத்தான். ஆனால் கேட்பது வேறு. கடைசி இரண்டு சொற்கள் நேரான கேள்வி: பிரியாணிக்குப் பேர்போனது எது? அவற்றுக்கு முன்னால் உள்ளவை அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டித் தருகின்றன. சம்மதம் சொல்லும்போது வாயில் வருவது ‘ஆம்’. மலர் என்றால் ‘பூ’. ‘ஊர்’ தன் தலையெழுத்தை இழந்தால் மிஞ்சுவது ‘ர்’. மூன்றையும் வரிசையாக வைத்தால் ஆம்பூர். அடைப்புக்குள் இருக்கும் 4 என்பது விடையின் எழுத்துக் கணக்கு: ஆ, ம், பூ, ர். வேலூர் மாவட்டத்தோடு வெகுகாலம் இருந்து, 2019 பிரிவினைக்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன அந்தத் தோல் நகரத்தைத் தெரியாதவர்கூட, வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தே விடைக்கு வந்துவிட முடியும். இதுதான் கிரிப்டிக் குறுக்கெழுத்து. தமிழில் பூடகக் குறுக்கெழுத்து எனலாம்.

சாதாரணக் குறுக்கெழுத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கடினத்தில் இல்லை. ‘வேலூர் வழியே ஓடும் ஆறு’ என்று கேட்டால் தெரிந்தவருக்கு விடை உடனே வரும். தெரியாதவர் தலைகீழாக நின்றாலும் வராது. அங்கே சோதிக்கப்படுவது நினைவு. பூடகக் குறிப்பில் விடைக்குப் போக இரண்டு வழிகள். ஒரு முனையில் பொருள், மறு முனையில் சொல்லைக் கட்டும் வேலை. தோலுக்கு மயிர்ப்பக்கம், சதைப்பக்கம் என்று இரண்டு இருப்பதுபோல ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பக்கம். இரண்டையும் தடவிப் பார்த்து ஒரே தோல்தான் என்று உறுதி செய்தபின்பே விடை எழுத வேண்டும். ஆகவே விடை கண்டுபிடித்தவர் ‘சரியாக இருக்குமோ’ என்று அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சரி என்பதற்கான சாட்சி குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. என் வாதம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. இந்த வகைப் புதிரில் விடை பாதிதான். அந்த விடை எப்படி வந்தது என்ற விளக்கம் மறுபாதி. விளக்கமில்லாமல் விடைக் கட்டத்தை மட்டும் அச்சிடும் இதழ் பாதிப் புதிரைத்தான் வாசகருக்குக் கொடுக்கிறது.

இது வெறும் ருசிபேதம் இல்லை, வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. குறுக்கெழுத்தைக் கட்டம்போட்டு முதலில் அச்சேற்றியவர் ஆர்தர் வின். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் அது வந்தது. பிறகு மற்ற நாடுகளுக்கும் தொற்றிக்கொண்டது; 1930களில் ஆனந்த விகடனும் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பரிசுத் தொகை பெருகப் பெருக இந்தப் போட்டிகளின் குணம் மாறியது. ஒரே குறிப்புக்கு இரண்டு, மூன்று விடைகள் பொருந்தும்படி வேண்டுமென்றே அமைத்தார்கள். ‘ஆம்பூரில் இது நல்லதாகக் கிடைக்கும்’ என்று கேட்டு ‘_ல்’ என்று கட்டம் போட்டால் தோலா, பாலா? இரண்டும் சரி. எது ‘உண்மையான’ விடை என்பது முன்கூட்டியே உறையிலிட்டு முத்திரை வைத்த தாளில் இருக்கும். ஆக, வாசகர் யோசித்தது சொல்லை அல்ல, அடுத்தவர் மனத்தை. கட்டணம் கட்டி ஒவ்வொருவரும் பல விடைத்தாள்களை அனுப்பினார்கள். கடைசியில் நாடாளுமன்றமே தலையிட வேண்டிவந்தது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதத்துக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் விடைத்தாள்களுக்கு மேல் வாங்கக்கூடாது என்றெல்லாம் வரம்பு கட்டியது. அதை எதிர்த்து வந்த ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக ஒரு கோடு கிழித்தது: அதிர்ஷ்டத்தை நம்பும் போட்டி சூதாட்டம், சட்டம் அதற்குத்தான்; பெருமளவு திறமையால் வெல்லும் போட்டிக்கு அது பொருந்தாது. புதிரில் திறமையையும் குருட்டு அதிர்ஷ்டத்தையும் பிரிப்பது எது என்று கேட்டால், ‘ஏன் இந்த விடை?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா இல்லையா என்பதுதான். உறையிலிட்ட தாளுக்கு அந்தப் பதில் கிடையாது. பூடகக் குறிப்புக்கு உண்டு.

இங்கிலாந்தில் இந்த வகைக்கு உருக்கொடுத்தவர் அப்சர்வர் இதழில் 1926 முதல் எழுதிய எட்வர்டு போவிஸ் மாதர்ஸ். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கமாடா. ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திக் குலைநடுங்கவைத்தவரின் பெயர் அது. அவருக்குப்பின் 1939இல் வந்த மேக்நட் என்ற பள்ளி ஆசிரியரும் அதே விசாரணை மன்றத்துத் தலைவர் ஒருவர் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்: சிமினீஸ். வாசகரைச் சித்திரவதை செய்கிறோம் என்பதில் அவர்களுக்கு ஒளிவுமறைவே இல்லை. ஆனால் நேர்மையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதும் இந்தச் சித்திரவதைக்காரர்கள்தான். ஆஃப்ரிட் என்ற பெயரில் எழுதிய ரிட்சி என்பவர் 1949இல் ஒரு விதியை முன்வைத்தார். புதிர் அமைப்பவர் தன் வாக்கியத்தின் மேற்பொருளை மனத்தில் கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் மனத்தில் கொண்டது எதுவோ அது வாக்கியத்தில் பிசகில்லாமல் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிமினீஸ் 1966இல் இதை விரித்து ஒரு நூலே எழுதினார். ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

‘வெள்ளைக்காரன் விளையாட்டு, தமிழுக்கு எதற்கு?’ என்று கேட்பவர்கள் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவியது. அதில் சித்திரகவி வகைகளில் ஒன்று ‘வினாவுத்தரம்’. உதாரணமாகக் காட்டப்படும் வெண்பாவின் கருத்து இது: பூமகள் யார்? போகச் சொல்லி ஏவுகிறவன் என்ன சொல்வான்? சரத்துக்கு வேறு பெயர் என்ன? அழகின் பெயர் என்ன? பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? விடைகள்: திரு, ஏகு, அம்பு, அம். நான்கையும் சேர்த்தால் ஐந்தாம் கேள்விக்கு விடை: திருவேகம்பம். பாலாற்றின் போக்கிலே வேலூரிலிருந்து கிழக்கே போனால் வரும் காஞ்சிபுரத்துக் கோயில். சொல்லைத் துண்டுதுண்டாகக் கட்டும் நான்கு கேள்விகள், முழுச்சொல்லுக்குப் பொருள் தரும் ஒரு கேள்வி. மேலே பார்த்த ஆம்பூர்க் குறிப்பின் எலும்புக்கூடும் இதுவேதான். கேள்விக்குறிகளை அழித்து ஒரே வாக்கியமாக ஒட்டவைத்தது மட்டும்தான் டார்க்கமாடா கூட்டம் செய்த புதுமை. அந்த ஒட்டவைப்பு சின்ன வேலையல்ல, புதிரின் குறும்பு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் யந்திரம் நமக்குப் புதிதல்ல.

அதே நூலில் ‘எழுத்து வருத்தனம்’ என்று ஒன்று. வருத்தனம் என்றால் வளர்தல். ‘கம்’ என்றால் தலை. ஓரெழுத்தைச் சேர்த்தால் ‘நகம்’, மலை. இன்னொன்றைச் சேர்த்தால் ‘கனகம்’, பொன். மேலும் ஒன்று சேர்ந்தால் ‘கோகனகம்’, தாமரை. இதற்கு நேர் எதிரானது எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கும் ‘அக்கரச்சுதகம்’. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிப்பது ‘கரந்துறைச் செய்யுள்’. திருப்பிப் படித்தாலும் மாறாதது ‘மாலைமாற்று’. திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே அப்படிப் பாடியிருக்கிறார். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் ஏழு வகைகளில் ‘பிசி’ என்ற விடுகதையும் ஒன்று. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: சித்திரகவிகளில் பெரும்பாலானவை கவிதையாகத் தேறாதவை. ‘மிறைக்கவி’ என்று பழையவர்களே அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கவிதை என்ற தராசில் வைத்ததால்தான் அவை தோற்றன என்பது என் எண்ணம். புதிர் என்று வைத்துப் பார்த்தால் அவற்றில் பல முதல்தரம்.

இந்தப் பழைய கருவிகள் இன்றைய வேலூர்–ஆம்பூர் வட்டாரத்துச் சொற்களில் எப்படி வேலை செய்யும் என்று பார்க்கலாம். ‘இரண்டாமிடம் போனபின் ஆரவாரம் தோலைப் பதப்படுத்தும் (4).’ தேர்தலில் தோற்றவர் வீட்டுக் கதைபோல இருக்கிறது. ‘ஆரவாரம்’ என்ற சொல்லில் இரண்டாம் இடத்து எழுத்து ‘ர’. அதை எடுத்துவிட்டால் ‘ஆவாரம்’. குரோம் உப்பு வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத் தோல் ஷாப்புகளில் பதனிடப் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். இது அக்கரச்சுதகம். ‘வந்தொட்டியவருக்குள் தோல் ஊறுமிடம் (3).’ ‘வந்தொட்டியவர்’ என்பதற்குள் ‘தொட்டி’ பதுங்கியிருக்கிறது. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் அதே தொட்டி. இது கரந்துறைதல். ‘கைதி திரும்பி வந்ததும் பிரமித்து நில் (2).’ வேலூர் மத்தியச் சிறை வாசலில் நடக்கக்கூடிய காட்சிதான். ‘கைதி’யைத் திருப்பிப்போட்டால் ‘திகை’. ‘குலைந்த நகரம் பாவிகள் சேருமிடம் (4)’ என்றால், ‘நகரம்’ என்பதன் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘நரகம்’. டேனரிக் கழிவு கலந்த பாலாற்றங்கரையில் வசிப்பவர்கள் இந்தக் குறிப்பைப் புதிராகவே எண்ணமாட்டார்கள். கடைசியாக ஒரு சிலேடை: ‘ஷூவில் மேற்பாகம், சைவத்தில் நால்வரில் ஒருவர் (4).’ ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தினமும் ஆயிரக்கணக்கில் தைக்கப்படும் மேற்பாகத்துக்குப் பெயர் ‘அப்பர்’. சமயக்குரவரைச் செருப்போடு சேர்த்துவிட்டாயே என்று யாராவது கோபிக்கலாம். சேர்த்தது புதிர் அல்ல, அந்த ஊரின் அன்றாடப் பேச்சு. கோயிலிலும் கம்பெனியிலும் அதே நாலெழுத்துத்தான் ஒலிக்கிறது. இருந்தாலும், நல்ல ஆசிரியர் இப்படிப்பட்ட குறிப்பை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை யோசிப்பார். அந்த யோசனையும் அவர் தொழிலில் சேர்ந்ததுதான்.

இனி வலுவான ஆட்சேபத்துக்கு வருவோம். தமிழ் எழுத்துமுறை இந்த விளையாட்டுக்கு இடம்கொடுக்காது என்று மொழியறிந்தவர்களே சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் இருபத்தாறே எழுத்து. தமிழில் ஆய்தத்தையும் சேர்த்து 247. ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கலைத்துப்போட்டால் புதுச்சொல் சுலபமாகக் கிடைக்கும். தமிழில் உயிரும் மெய்யும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. ‘கவலை’யும் ‘கலவை’யும் காதுக்கு அண்ணன் தம்பி. கட்டத்தில் அவை க-வ-லை, க-ல-வை; ஒன்றைக் கலைத்து மற்றதைச் செய்ய முடியாது. திருப்பிப்போடுவதும் அரிது. தமிழில் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே ல், ர், ம், ன் என்று முடியும் சொற்கள் ஒன்றுகூடத் திரும்பாது. ‘கைதி’ போன்றவை தேடினால்தான் அகப்படும். கட்டம் அமைப்பவர் பாடு இதைவிட மோசம்: நெடுக்கே ஒரு சொல்லின் நடுவில் இருக்கும் ‘ம்’, குறுக்கே இன்னொரு சொல்லின் முதலெழுத்தாக வந்துவிட்டால் அன்றைய உழைப்பு வீண்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதம் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கட்டம் நிரம்பினால் இருபத்தாறில் ஒன்று தெரிந்தது என்று அர்த்தம். தமிழில் ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே தெரிந்துவிடுகின்றன. மூன்றெழுத்துச் சொல்லில் நடுவில் ‘லூ’ என்று விழுந்துவிட்டால் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணும் சில சொற்கள்தான். அதனால் தமிழ்க் கட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் இடங்கள் குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு சந்திப்பும் தரும் தகவல் அதிகம். கலைத்துப்போடுவதில் தமிழுக்கு நேரும் நஷ்டத்தைச் சேர்த்துக் கட்டுவதில் கிடைக்கும் லாபம் ஈடுகட்டிவிடும், ஏனென்றால் நம் சொற்கள் பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை. புணர்ச்சி பெரிய தொல்லை என்பார்கள். ‘கறந்தது அரை டஜன், ஓடுவதோ வேலூர் வழியே (3)’ என்ற குறிப்பில் பால், ஆறு என்ற இரண்டும் சேரும்போது ‘ல்’லும் ‘ஆ’வும் கரைந்து ‘லா’ ஆகிவிடுகிறது. தனித்தனியாக எண்ணினால் நான்கு எழுத்து, சேர்ந்தால் மூன்று. ஆனால் தமிழ் பேசும் எவரும் ‘பால் ஆறு’ என்று இரண்டாக வெட்டிச் சொல்வதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான இலக்கணம் நேர்மைக்குக் குறைவாகாது. திருவேகம்பத்தில் ‘ஏகு’ம் ‘அம்பு’ம் இப்படித்தான் உகரத்தை இழந்து ஒட்டின, எண்ணூறு ஆண்டுகளாக யாரும் குறைசொல்லவில்லை.

புணர்ச்சியைவிடக் கவனம் வேண்டியது வேற்றுமை உருபில். இதைப் பற்றி ஆங்கிலப் புதிர்நூல்கள் எதுவும் சொல்லித் தராது, அங்கே அந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. ‘ஆயுதம் ஏந்தி நகர், 1806இல் சிப்பாய்கள் எழுந்த இடத்துக்கு (3)’ என்று ஒரு குறிப்பு எழுதிவிடலாம். ‘ஆயுதம்’ வேல், ‘நகர்’ என்றால் ஊர்ந்து செல் என்றும் ஊர் என்றும் இரண்டு பொருள், ‘ஊர்’ என்ற சொல்லுக்கும் அதே இரண்டு பொருள். அந்த ஆண்டு ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். படிக்கவும் விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் குறிப்பு தவறு. ‘இடத்துக்கு’ என்று கேட்டால் விடை ‘வேலூருக்கு’ என்றுதான் வரவேண்டும். கட்டம் கேட்பதோ ‘வேலூர்’. ‘1806இல் சிப்பாய்கள் எழுந்த இடம், ஆயுதத்தோடு நகர் (3)’ என்று மாற்றினால் விறுவிறுப்பு கொஞ்சம் குறைகிறது, கணக்கு நேராகிறது. விளக்கம் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் ஆசிரியர் இந்தத் திருத்தத்தைச் செய்வார். ‘விடை: வேலூர்’ என்று மட்டும் போட்டுத் தப்பிக்கலாம் என்றால் முதல் வடிவமே அச்சாகிவிடும். வாசகருக்குப் பயன்படுவது இருக்கட்டும், விளக்கம் முதலில் ஆசிரியரைக் கட்டுப்படுத்துகிறது.

இன்னொரு ஆட்சேபம்: இது ஆங்கிலம் படித்த, ஓய்வூதியம் வாங்குகிற, காலைக் காப்பியோடு நாளிதழை விரிக்கிறவர்களின் பொழுதுபோக்கு. இந்தப் படிமத்துக்குக் காரணம் உண்டு. தி இந்து நாளிதழுக்கு 1971இல் சொந்தமாகக் கிரிப்டிக் குறுக்கெழுத்து அமைக்கத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். 1983இல் மறையும் வரை புதிர் அமைத்தார். இப்படி ஒருவர் தொடங்கிவைத்தால் அதற்கு ஒரு கிளப் வாசனை ஒட்டத்தான் செய்யும். ஆனால் தமிழிலும் முயற்சி நடக்காமல் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த தமிழ்ப் பூடகக் குறுக்கெழுத்துகள் பல ஆண்டுகள் வந்தன. அவற்றுக்கென்று ஒரு வாசகர் கூட்டமும் இருந்தது. கடல்கடந்த தமிழர்களின் மாத இதழுக்குச் சாத்தியமானது உள்ளூர் வார இதழ்களுக்கு ஏன் சாத்தியமாகவில்லை என்பதற்கு என்னால் ஒரே காரணம்தான் சொல்ல முடிகிறது: வாசகரால் முடியாது என்று ஆசிரியர் குழுவே முடிவுகட்டிவிடுகிறது. பட்டிமன்றத்தில் சிலேடைக்குக் கைதட்டுகிற, மேடைப்பேச்சில் இரட்டை அர்த்தத்தை அரைநொடியில் பிடிக்கிற மக்களைப் பற்றி இப்படி முடிவுகட்டுவது விநோதம்.

தோல் வட்டாரத்தை நான் உதாரணத்துக்கு எடுத்தது அங்கே ஷூ தைக்கிறார்கள் என்பதற்காக மட்டுமல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தமிழோடு உருதுவும் வீட்டுமொழி. எல்லைப்புறத்தில் தெலுங்கும் உண்டு. உருதுவுக்குப் பாரசீக வழியாக வந்த ‘முஅம்மா’ என்ற புதிர்க்கவிதை மரபு இருக்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் ஒருவருடைய பெயரை ஒளித்துவைப்பது அது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹெராத் நகரத்துப் புலவர்கள் இதில் பைத்தியமாகவே இருந்தார்கள். படித்தால் ஒரு பொருள், எழுத்தைக் கூட்டிக் கழித்தால் வேறொரு விடை. வினாவுத்தரத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டு மரபுகளும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. போதாக்குறைக்குத் தொழில்சொற்கள்: அப்பர், லைனிங், இன்சோல், லாஸ்ட். தூய தமிழ்ச்சொல் மட்டும்தான் கட்டத்துக்குள் வரலாம் என்று நிபந்தனை போட்டால் ஷூ கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கதவைச் சாத்தியதாகும். பத்துப் பேர் பேசும் இடத்தில் ஒருவராவது விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும் சொல்லானால் அது கட்டத்துக்குள் வரலாம் என்பேன். தனித்தமிழ்ப் பற்றாளர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்களுடைய புதிரையும் தீர்க்க நான் தயார்.

நாள் முழுதும் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு இது எதற்கு என்ற கேள்வியில் ஒரு கரிசனம் தெரிகிறது, கூடவே கொஞ்சம் இளக்காரமும். அவருக்குக் கூலி, பஸ், குழந்தையின் பள்ளிக்கூடம் என்று முக்கியமானவை ஆயிரம் உண்டு. குறுக்கெழுத்து அவற்றில் எதையும் தீர்க்காது. ஆனால் சீரியலும் ராசிபலனும் தீர்த்துவிடுகின்றனவா? வாரத்துக்கு ஒன்று என்ற தாளகதி இங்கேதான் உதவுகிறது. நாளிதழ்ப் புதிர் மறுநாளே காலாவதி. வாரப் புதிரை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஒன்று, சாப்பாட்டு வேளையில் ஒன்று என்று பார்க்கலாம். பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்கலாம். தீராத இரண்டு மூன்றுக்கு அடுத்த வாரம் விளக்கம் வரும். அந்த விளக்கத்தைப் படித்தவருக்கு அதற்கடுத்த வாரம் தீராதது ஒன்று குறையும். பூடகக் குறுக்கெழுத்தை யாரும் பாடப்புத்தகத்தில் கற்றதில்லை; தோற்ற குறிப்புகளுக்கான விளக்கத்தைப் படித்துத்தான் எல்லோரும் கற்றார்கள். விளக்கத்தை நிறுத்துவது, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டுவதற்குச் சமம்.

செல்போனில் கேட்டால் விடை வந்துவிடுமே என்பது புதிய ஆட்சேபம். வந்துவிடும், அல்லது வந்துவிட்டதுபோல இருக்கும். வரட்டும். ஒருவர் ‘ஆவாரம்’ என்று எழுதிவிட்டார் என்பதில் அதிசயமில்லை. ‘ஆரவாரம்’ என்ற சத்தத்துக்குள் ஒரு மஞ்சள் பூச்செடி இருந்ததை அவரே பார்த்தாரா என்பதுதான் கேள்வி. பார்க்காதவருக்குக் கட்டம் நிரம்பியதே தவிர வேறெதுவும் நடக்கவில்லை. இதனாலேயே இப்புதிர்களுக்குப் பெரிய பரிசு வைப்பதும் தேவையற்றது என்று நினைக்கிறேன். பரிசு வந்தால் விடைதான் பெரிதாகும், விளக்கம் ஓரத்துக்குப் போகும். 1955இன் பாடம் அது.

விளக்கம் எழுதுவதிலும் ஒரு முறை வேண்டும். பொருள் தரும் பகுதி எது என்று முதலில் காட்ட வேண்டும். அது எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில், நடுவில் வராது. பிறகு மீதியுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லுக்காவது வேலை இல்லையென்றால் அது குறிப்பில் இருந்திருக்கவே கூடாது. ‘எளிதாகப் புரியும்’ என்று எங்கும் எழுதக்கூடாது. புரியாதவர்தான் விளக்கத்தைப் படிக்கிறார். மூன்று நான்கு வரிகளுக்குள் முடித்துவிட வேண்டும். இதழ் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான்: வாரம் அரைப்பக்கம் ஒதுக்குங்கள், அதில் பாதியைப் போன வார விளக்கத்துக்குக் கொடுங்கள்.

படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, விடை தராமல்: ‘கலைமகள் தலையில்லாப் பயத்தோடு இசைத்து வந்தடைந்த தோல் நகரம் (6).’ ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, அந்த வட்டாரத்தில் ஆறெழுத்து ஊர்கள் சிலவே. கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள், விடையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிப் பாருங்கள்.